சோப்ரால் மலைக்கு ரொட்டி கொண்டுபோனவள்

எர்சீலியா ரொட்டி வேன் ஓட்ட வந்ததே தற்செயல்தான். ஆற்றங்கரையில் இருக்கும் பொந்தே என்ற ஊரில் அவள் கணவன் பெல்மீரோவுக்கு ஒரு ரொட்டிக் கடை. அங்கே வேகும் ரொட்டியை மலைமேல் இருக்கும் ஏழு ஊர்களுக்கும் கொண்டுபோக ஓர் ஆள் இருந்தார். ஒரு மார்ச் மாதம் அவர் சொல்லாமல் கொள்ளாமல் பிரான்சுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். "ஒரு வாரம் மட்டும் நீ ஓட்டு. அதுக்குள்ள ஆள் பாத்துடறேன்" என்றான் பெல்மீரோ. அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

முதல் நாள் அவள் வேனை நத்தை வேகத்தில் ஓட்டினாள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் கழுதை போகிற அகலத்துக்குச் சாலை. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டே போனாள். இரண்டு முறை சின்னதாக, ஒரு முறை நீளமாக. பயத்தில் அடித்ததுதான். ஆனால் மேலே இருந்தவர்கள் அதை ரொட்டி வருகிற சத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த நாள் அவள் ஹாரன் அடிக்காமல் போய் நின்றபோது, "நேத்து வந்தவ எங்க?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு அவள் அதை மாற்றவே இல்லை.

அந்த வருடங்களை நினைத்தால் எர்சீலியாவுக்கு முதலில் மூக்கில்தான் ஏதோ நடக்கும். வேனுக்குள் சூடான சோள ரொட்டி வாசனை, ஜன்னல் வழியே பைன் பிசின் வாசனை. வெயில் ஏற ஏற இரண்டும் ஒன்றாகிவிடும். வீட்டுக் கதவுகளில் துணிப்பைகள் தொங்கும். பையைப் பார்த்தே அவளுக்கு ஆள் தெரியும். நீலப் பூப்போட்ட பை ஃபெலிஸ்மீனா அத்தையுடையது. ஒரு பெரிய சோள ரொட்டி, சனிக்கிழமை இரண்டு. பழைய கால்சட்டைத் துணியில் தைத்த பை ஓராசியோவுடையது. அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. ஆனால் ஹாரன் சத்தம் கேட்டதும் அவருடைய நாய் எழுந்து வாசலுக்கு ஓடும். நாய் எழுந்தால் ரொட்டி வந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். பை தொங்கவிடாத ஒரே ஆள் அபீலியோ. நேரே வந்து நின்று ரொட்டியை அடியில் தட்டிப் பார்ப்பார்.

"என்னடி ரொட்டிக்காரி, இன்னிக்கும் கருக்கிட்டானா உன் புருஷன்? ரொட்டி கேட்டா கரி தர்றான்."

"வேணாம்னா வெச்சிட்டுப் போங்க மாமா. கீழ் ஊர்ல எடுத்துக்குவாங்க."

"வேணாம்னு யாரு சொன்னா? கருக்கிட்டான்னுதானே சொன்னேன்."

இருபத்தொன்பது வருடம், ஞாயிறு தவிர தினமும், இதே பேச்சு. ஒரு நாள்கூட அவர் ரொட்டியைத் திருப்பிக் கொடுத்ததில்லை.

சோப்ரால்தான் ஏழு ஊர்களில் கடைசி. சாலை அங்கே முடிந்துவிடும். எர்சீலியா வேன் ஓட்ட வந்த புதிதில் அங்கே அறுபது எழுபது பேர் இருந்தார்கள். ஆடுகள் நானூறு இருக்கும். மலைச்சரிவு முழுக்க அடுக்கடுக்காய் வயல்கள். சோளம், உருளை, கீரை, திராட்சைக் கொடி. புதரை யாரும் வளரவிட மாட்டார்கள். தொழுவத்தில் ஆட்டுக்கு மெத்தை போட அதைத்தான் வெட்டிக்கொண்டு போவார்கள். எங்கேயாவது தீப்பிடித்தால் கோயில் மணி அடிப்பார்கள். எல்லோரும் பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு ஓடுவார்கள். இரண்டு மணி நேரம் அடித்தால் அணைந்துவிடும். பிறகு முகமெல்லாம் கரியோடு அங்கேயே உட்கார்ந்து வைன் குடித்து, மத்தி சுட்டுத் தின்றுவிட்டு, பாடிக்கொண்டு இறங்கி வருவார்கள். எர்சீலியாவின் அம்மா அவளுடைய அப்பாவை முதன்முதலில் பார்த்ததே அப்படி ஒரு தீயை அணைக்கப் போன இடத்தில்தான். "கரி பூசியிருந்தான், அதனால மூஞ்சி சரியாத் தெரியல. தெரிஞ்சிருந்தா கட்டியிருக்க மாட்டேன்" என்பாள் அம்மா.

பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். லிஸ்பனுக்கு, பிரான்சுக்கு, லக்ஸம்பர்குக்கு. போகிறவர்கள் வயலைச் சும்மா விடுவானேன் என்று தைலமரம் நட்டுவிட்டுப் போனார்கள். பத்து வருடத்தில் வெட்டி விற்கலாம். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாம். ஃபெலிஸ்மீனாவின் கணவர்கூட வீட்டுக்குப் பின்னால் இருந்த சோளக்காடு முழுவதும் தைலமரம் வைத்தார். அது விற்ற காசில்தான் மகள் நத்தேர்சியா கொயிம்ப்ரா நகரத்தில் படித்தாள், ஆசிரியை ஆனாள். அதில் யாரைக் குறை சொல்வது?

ஆட்கள் குறையக் குறையப் புதர் ஏறியது. முன்பு வேனிலிருந்து பார்த்தால் எதிர்மலை ஊர்களின் கூரைகள் தெரியும். பிறகு மரம்தான் தெரிந்தது. தீ பத்து வருடத்துக்கு ஒரு முறை வந்தது, பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. பச்சைக் கிளையோடு ஓட யாரும் இல்லை; ஓடினாலும் அந்தத் தீ கிளைக்கு அடங்குகிற தீயாக இல்லை. விமானம் வந்து தண்ணீர் கொட்டும். எர்சீலியா வேனை நிறுத்தி வேடிக்கை பார்ப்பாள். சாம்பல் பறந்து வந்து ரொட்டிமேல் விழும், தட்டிவிட்டுக் கொடுப்பாள்.

அவள் வேன் ஓட்டத் தொடங்கிய இருபத்தொன்பதாம் வருடம், அக்டோபரில், சோப்ராலில் பதினான்கு பேர் இருந்தார்கள். பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள்.

நான்கு மாதமாக மழை இல்லை. அக்டோபர் பாதியிலும் ஆகஸ்ட் வெயில். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து பெல்மீரோ நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தான். எர்சீலியா துணி எடுக்கக் கொல்லைக்குப் போனாள். கொடியில் இருந்த விரிப்பு காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. தெற்கிலிருந்து வந்த காற்று, அடுப்புக் கதவைத் திறந்தால் முகத்தில் அடிப்பது போல இருந்தது. மலைக்குப் பின்னால் ஒரு புகை எழுந்து நின்றது. வெள்ளைப் புகை இல்லை, மஞ்சளும் கறுப்பும். விரிப்பை எடுத்து மடிப்பதற்குள் அது பாதி வானத்தை எடுத்துக்கொண்டது.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. சோப்ராலில் ஒரு வீட்டுக்கு அடித்தாள். இரண்டாவது மணியில் லைன் அறுந்தது; பிறகு போனில் சிக்னலே இல்லை.

"நான் மேல போறேன்" என்று பெல்மீரோவை எழுப்பினாள்.

"பைத்தியமா உனக்கு? தீயணைப்பு வண்டி போகும்."

"எங்க போகும்? இருக்கறது மூணு வண்டி. அந்தப் புகையைப் பாரு. அங்க இருக்கறவங்க எல்லாம் இப்ப தூங்கிட்டிருப்பாங்க. நாலு பேருக்குக் காது மந்தம், ஓராசியோவுக்குக் கேக்கவே கேக்காது. யாரு எந்த ரூம்ல படுத்திருப்பாங்கன்னு வர்றவனுக்குத் தெரியுமா?"

பெல்மீரோ எழுந்து போய் வேனிலிருந்த ரொட்டித் தட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே வீசினான். ஆள் உட்கார இடம் வேண்டுமே. நானும் வருகிறேன் என்று ஏறப்போனவனை அவள் தள்ளிவிட்டாள். "நீ ஏறினா ஒரு ஆளுக்கு இடம் போச்சு. உன் தொப்பைக்கு ரெண்டு ஆளு."

சோப்ராலில் நுழைந்ததும் ஹாரன் அடித்தாள். இரண்டு சின்னது, ஒரு நீளம். நிறுத்தாமல் அடித்தாள். கதவுகள் திறந்தன. முடியைக் கோதிக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். நாய் முதலில் ஓடி வந்தது. பின்னால் ஓராசியோ, கையில் கால்சட்டைத் துணிப் பையோடு.

"ஞாயித்துக்கிழமையும் ரொட்டி போட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று உரக்கக் கேட்டார்.

அவள் வானத்தைக் காட்டினாள். அவர் பார்த்தார். பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாயைத் தூக்கி வேனில் வைத்தார். பிறகு தானும் ஏறினார்.

பன்னிரண்டு பேர் ஏறினார்கள். "ஃபெலிஸ்மீனா?" என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"அத்தை அவங்க மக வீட்டுக்குப் போயிருக்காங்க. செவ்வாய்க்கிழமை வரைக்கும் ரொட்டி வேணாம்னு வியாழக்கிழமையே சொல்லிட்டாங்க" என்றாள் எர்சீலியா. எல்லோரும் சரி என்றார்கள். யார் ஊரில் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதில் ரொட்டிக்காரி சொன்னால் அதற்கு மேல் பேச்சு இல்லை. ஃபெலிஸ்மீனாவின் வீடு ஊரைத் தாண்டி, கடைசி வளைவுக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தது. வேன் அங்கே போகவில்லை.

அபீலியோ மட்டும் ஏறவில்லை. ஊருக்குக் கீழே ஓர் அடுக்கில் அவர் நிலம். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வரப்பில் நின்றார்.

"ஏறுங்க மாமா!"

"எங்க கூட்டிட்டுப் போற? கீழ பாரு. ரோடு போயிடுச்சு."

"இப்பத்தான் அதுல வந்தேன்!"

"நீ வந்த ரோடு இப்ப இல்லடி. இங்கேயே இரு."

அவள் கேட்கவில்லை. அவர்மேல் வந்த கோபத்தில் வேனை வேகமாக எடுத்தாள். இரண்டாவது வளைவில் பிரேக் போட்டாள். சாலைக்கு இரண்டு பக்கமும் இருந்த தைலமரங்கள் எரிந்துகொண்டிருந்தன. பட்டை பட்டையாக நெருப்பு கழன்று, பறவை மாதிரி பறந்து போய் எதிர்ச்சரிவில் உட்கார்ந்தது. உட்கார்ந்த இடமெல்லாம் பற்றியது. வேனுக்குள் யாரும் கத்தவில்லை. யாரோ ஜெபம் சொல்லத் தொடங்கினார்கள். அந்த வளைவில் வேன் திரும்பாது என்று அவளுக்குத் தெரியும். முன்னூறு மீட்டர் ரிவர்ஸிலேயே ஓட்டினாள். எப்படி ஓட்டினாள் என்று இன்றும் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

அபீலியோ அதே வரப்பில்தான் நின்றார். "அப்பவே சொன்னேன்ல?" என்றார். பிறகு வேலையில் இறங்கினார்.

அந்த மலையில் கொத்தி வைத்த நிலம் என்று மிஞ்சியிருந்தது அவருடையது மட்டும்தான். வீட்டைச் சுற்றி அறுபது அடி தூரத்துக்கு ஒரு மரம்கூடக் கிடையாது. உருளைக்கிழங்கு எடுத்த வெறும் மண், அதற்கு அப்பால் தண்ணீர் பாய்ச்சிய கீரை, அதற்கு அப்பால் பதினொரு ஆடுகள் மொட்டையடித்து வைத்த சரிவு. நிலத்தை விட்டுவிட்டு என்னோடு வந்துவிடு என்று லக்ஸம்பர்கிலிருந்து மகன் கூப்பிடுவதும், இவர் போனை வைத்துவிடுவதும் ஊரறிந்த விஷயம். வீட்டுக்குக் கீழே மலையைக் குடைந்து கட்டிய கல் அறை. வைன் பீப்பாய்கள் வைக்கிற இடம். ஆடுகளை முதலில் உள்ளே விட்டார், பிறகு ஆட்களை. சாக்குகளைத் தொட்டியில் முக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். கதவிடுக்கில் ஈரக் கம்பளியைத் திணித்தார்.

தீ ஊரைக் கடக்க இருபது நிமிடம் ஆனது. எர்சீலியாவுக்கு ஞாபகம் இருப்பது சத்தம்தான். தலைக்கு மேல் சரக்கு ரயில் நிற்காமல் போவது போல. ஒரு ஆடு அவள் மடியில் தலையை வைத்து நடுங்கிக்கொண்டே இருந்தது. அதன் காதை இறுகப் பொத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஓராசியோ, ஒன்றும் கேட்காதவர், சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். கல் அதிர்வது அவருக்குத் தெரிந்தது.

கதவைத் திறந்தபோது மாலை ஐந்து மணி. வெளியே இருட்டு. வெறும் மண்ணில் விட்டிருந்த வேன் கரி படிந்து நின்றது. சோப்ராலில் பாதி வீடுகள் இல்லை.

மறுநாள் காலை சாலையில் விழுந்து கிடந்த மரங்களை வெட்டி வழி உண்டாக்கினார்கள். முதலில் வந்தவன் பெல்மீரோ. அவளைப் பார்த்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் ஒரு சின்ன நீலக் கார் வந்தது. அதிலிருந்து நத்தேர்சியா இறங்கினாள்.

"அம்மா எங்கக்கா?" என்றாள்.

எர்சீலியாவுக்குப் புரியவில்லை. "உங்க வீட்டுலதானே இருக்காங்க?"

"சனிக்கிழமை சாயங்காலமே வந்துட்டாங்க. கோழிக்கு யாரு தண்ணி வைக்கறதுன்னு என்கூட சண்டை போட்டுட்டு, டாக்ஸி பிடிச்சு வந்துட்டாங்க."

நத்தேர்சியா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு கடைசி வளைவை நோக்கி நடந்தாள். பெல்மீரோ எழுந்து அவள் பின்னால் ஓடினான். எர்சீலியா அங்கேயே நின்றாள்.

மூன்று வாரம் அவள் வேனைத் தொடவில்லை. அடுப்படியிலேயே இருந்தாள். ரொட்டியைப் பெல்மீரோ கொண்டுபோனான். யாருக்கு என்ன என்று அவனுக்குத் தெரியவில்லை. பல் இல்லாதவர்களுக்குக் கெட்டி ரொட்டி, சர்க்கரை உள்ளவருக்கு இனிப்பு ரொட்டி. ஹாரனையும் ஒரே தம்மாக அடித்தான். ஓராசியோவின் நாய் எழவே இல்லை.

ஒரு நாள் அபீலியோ ஆறு கிலோமீட்டர் நடந்து கடைக்கே வந்துவிட்டார். எண்பத்திரண்டு வயது. ஒரு ரொட்டியை மேஜைமேல் போட்டார்.

"இதைப் பாரு. வெளுத்துக் கிடக்கு. காய்ச்சல்காரன் மூஞ்சி மாதிரி."

"கருக்கினாத்தான் பிடிக்காதுன்னு சொல்வீங்களே மாமா" என்றாள், தலையைத் தூக்காமல்.

"பிடிக்காதுன்னு எப்பச் சொன்னேன்?" அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். "நேத்து ராத்திரி ஊர்ல எத்தனை பேர் படுத்திருந்தாங்கன்னு கேட்டா எனக்குத் தெரியல. யாருக்கும் தெரியல. எவனும் எவன் வீட்டுக்கும் போறதில்ல. உனக்குத்தான் தெரியும்."

"எனக்குத் தெரியும்னு நெனச்சதாலதானே அத்தை செத்தாங்க."

அபீலியோவுக்குச் சமாதானம் சொல்லிப் பழக்கம் இல்லை. "நாளைக்கு எனக்குக் கருக்கினது வேணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார்.

மறுநாள் அவள் போனாள். ஆனால் வேலை மாறிவிட்டது. பையில் ரொட்டியைப் போட்டுவிட்டுப் போவதை நிறுத்தினாள். ஒவ்வொரு கதவையும் தட்டினாள். ஆள் முகத்தைப் பார்க்கும்வரை நகர மாட்டாள். பார்த்ததும் ஒரே கேள்வி: "இன்னிக்கு ராத்திரி எங்க படுக்கறீங்க?"

மனைவியை இழந்த கிழவர் ஒருவர், "ஏன், வர்றியா?" என்றார். அது ஏழு ஊருக்கும் பரவி ஒரு மாதம் ஓடியது. பெல்மீரோவைப் பார்க்கிறவர்களெல்லாம், "உன் பெண்டாட்டி ஊர்ல இருக்கற கிழவன் எல்லாரையும் எங்க படுப்பேன்னு கேட்டுட்டிருக்கா, கொஞ்சம் கவனி" என்றார்கள். அவள் சிரித்துவிட்டுச் சாக்பீஸை எடுத்து வேன் கதவின் உட்பக்கத்தில் எழுதுவாள். பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டால் ஊரில் இருக்கிறார். வட்டம் போட்டால் இல்லை. விருந்தாளி வந்தால் அந்தப் பெயரும் ஏறும். மாலையில் அழித்து, காலையில் மறுபடி எழுதுவாள்.

ஒரு வருடம் கழித்து நத்தேர்சியா வந்தாள். ஃபெலிஸ்மீனாவின் வீட்டுச் சுவர்கள் மட்டும் நின்றன. பின்னால் எரிந்துபோன தைலமரங்கள் ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் பத்துப் பதினைந்து தளிர்கள் கிளம்பி, ஆள் உயரத்துக்கு நின்றன. தீக்கு முன்னால் இருந்ததைவிட அடர்த்தி. வேனைப் பார்த்ததும் நத்தேர்சியா சாலைக்கு நடுவில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு எங்கம்மா வீட்டு முன்னாடி ஹாரன் அடிச்சீங்களா?"

எர்சீலியா என்ஜினை அணைத்தாள். இந்தக் கேள்வி எப்போது வரும் என்று ஒரு வருடமாகக் காத்திருந்தவள் அவள்.

"இல்லம்மா. அந்த வளைவு வரைக்கும்கூட நான் போகல. அத்தை உங்ககிட்ட இருக்காங்கன்னு நெனச்சேன். ஒருத்தர் கேட்டாங்க. நான்தான் இல்லன்னு சொன்னேன்."

நத்தேர்சியா வேன் கதவில் சாய்ந்துகொண்டாள். பிறகு, "ஊர்ல எல்லாரும் 'ரொட்டிக்காரி போயி அடிச்சா, உங்கம்மாவுக்குக் கேக்கல'ன்னுதான் சொன்னாங்க" என்றாள். "ஒரு வருஷமா நான் அதை நெனச்சுக்கிட்டே இருந்தேன். அம்மாவுக்குக் காது நல்லாவே கேக்கும். கேட்டும் ஏன் வரலன்னு. கோழியைப் பிடிக்க நின்னாங்களோ, கால் தடுக்கி விழுந்தாங்களோன்னு."

"அவங்க தூங்கிட்டிருந்திருப்பாங்க."

"ஆமா. சாப்பிட்டதும் படுத்துடுவாங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப சரி. தூங்கிட்டிருந்தாங்க."

எர்சீலியா வேனிலிருந்து இறங்கினாள். இருவரும் வீட்டுக்குப் பின்னால் நடந்தார்கள். தளிர் ஒன்றை ஒடித்து நத்தேர்சியா மூக்கருகே வைத்தாள். "இது எங்கப்பா வெச்சது. என்னைப் படிக்க வெச்ச மரம். வெட்டினா அவருக்குத் துரோகம் பண்ற மாதிரி இருக்கு. வெச்சிருந்தா அம்மாவுக்கு."

"எனக்கு என்ன தெரியும்? நான் ரொட்டிக்காரி" என்றாள் எர்சீலியா. "ஆனா அபீலியோ மாமாகிட்ட ஆடு இருக்கு. மேய எடம் இல்லன்னு தினம் என்கிட்ட கத்தறார்."

அந்த மழைக்காலத்திலேயே நத்தேர்சியா இயந்திரம் வரவழைத்து மரத்தை வேரோடு பறித்தாள். அபீலியோவின் ஆடுகள் அதில் ஏறின. புதர் தலைகாட்டினால் கடித்தன. மேல்பக்கம் சட்டென்று தீப்பற்றாத செஸ்நட் கன்றும் ஓக் கன்றும் தள்ளித் தள்ளி வைத்தார்கள். ஒரு நிலம் வெட்டவெளி ஆனதும் பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு வெட்கம் வந்தது. பிரான்சிலிருந்து போன் செய்து, "எங்க துண்டையும் சேத்து வெட்டிடுங்க" என்றார்கள். மூன்று வருடத்தில் சோப்ராலைச் சுற்றி, தலையில் முடி கொட்டின மாதிரி ஒரு வளையம் உண்டானது. ஒரு காலை கடைசி வளைவில் எர்சீலியா வேனை நிறுத்தினாள். எதிர்மலையில் மூன்று கூரைகள், ஒரு கோயில் கோபுரம். முப்பது வருடத்துக்கு முந்தைய காட்சி. அப்போது அந்தக் கூரைகளின் கீழ் யார் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தாள். ரொட்டி ஆறிப்போகும்வரை நின்றாள்.

பிறகு ஆரஞ்சுச் சட்டை போட்ட ஓர் அதிகாரி வந்தார். தீ வந்தால் ஊரார் எங்கே கூடுவது, யார் கூட்டிச்செல்வது என்று திட்டம் போட வேண்டுமாம். ஊருக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்றார். எல்லோரும் வேனைக் காட்டினார்கள்.

"அவங்க இந்த ஊர்லயே இல்லையே?" என்றார் அதிகாரி.

"நாங்க இருக்கமா இல்லையான்னு அவளுக்குத்தானே தெரியும்" என்றார்கள்.

கூடும் இடம் அபீலியோவின் கல் அறை. அவர் ஒரே நிபந்தனை போட்டார்: பீப்பாயைத் தொடக் கூடாது. முதல் ஒத்திகைக்கு எல்லோரும் கோயிலுக்குப் போவது போல நல்ல உடுப்பு போட்டு வந்தார்கள். முப்பத்தெட்டு நிமிடம் ஆனது. முடிவில் மூன்று பேர் பீப்பாயைத் தொட்டிருந்தார்கள். அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டாவது ஒத்திகை இருபது நிமிடம். ஐந்தாவதற்குப் பதினொன்று.

அடுத்த பெரிய தீ ஆறு வருடம் கழித்து, ஒரு ஆகஸ்ட் மதியம் வந்தது. எர்சீலியா அப்போது சோப்ராலுக்கு இரண்டு ஊர் கீழே இருந்தாள். புகையைப் பார்த்ததும் ஏறினாள். ஹாரன் அடித்தாள். கதவில் சோப்ரால்காரர்கள் பதினேழு பெயருக்கு நேரே கோடு இருந்தது. ஓய்வு பெற்று அம்மாவின் வீட்டைத் திரும்பக் கட்டி அங்கேயே வந்துவிட்ட நத்தேர்சியாவையும், கோடை விடுமுறைக்கு வந்திருந்த ஐந்து பேரையும் சேர்த்து. கல் அறை வாசலில் நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். பதினாறு. மறுபடி எண்ணினாள். பதினாறு.

"நத்தேர்சியா!" என்று கத்திக்கொண்டு வேனை நோக்கி ஓடினாள். கடைசி வளைவுவரை போனாள். அங்கே நின்று ஹாரன்மேல் கையை வைத்தவள் எடுக்கவே இல்லை. வீட்டுக்குள்ளிருந்து, கூடையில் இரண்டு கோழிகளோடு, நத்தேர்சியா ஓடி வந்தாள்.

"எங்கம்மா ஊர்ல குடுத்து வெச்ச கோழியோட வம்சம்க்கா" என்றாள் மூச்சு வாங்க.

"உங்க குடும்பத்துக்குக் கோழியால சாவு!" என்று கத்தினாள் எர்சீலியா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நத்தேர்சியா ஒரு நொடி அவளைப் பார்த்தாள். பிறகு இருவருக்கும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் கல் அறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

காட்டில் மூன்று நான்கு ஆளுயரத்துக்கு வந்த தீ, ஆடு மேய்ந்த வளையத்துக்கு வந்ததும் முட்டிவரை இறங்கியது. தீயணைப்புக்காரர்கள் அதன் எதிரே நின்று குழாய் பிடிக்க முடிந்தது. அபீலியோ கதவை மூட விடாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குழாய் பிடிக்கத் தெரியவில்லை என்று அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். ஆளில்லாத வீடு ஒன்றும், ஒரு வைக்கோல் கொட்டகையும் போயின. மனிதர் யாருக்கும் ஒன்றும் இல்லை. எதிர்மலையில் ஒரு ஊரே போயிற்று. அங்கே அவளுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவளுடைய ஏழு ஊர்களில் ஒன்று குறைந்தது, காலையில் தட்டக் கதவுகள் குறைந்தன.

அபீலியோ அடுத்த ஜனவரியில் படுக்கையில், தூக்கத்தில் போனார். ஒன்பது நாளாக மழை கொட்டிக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் தண்ணீர் நின்றது. லக்ஸம்பர்கிலிருந்து வந்த மகன், "அப்பாவை நனைய விடறமே" என்று வருத்தப்பட்டான். "உங்கப்பா மழையை ஒரு நாளும் திட்டினதில்லப்பா. மத்த எல்லாத்தையும் திட்டியிருக்கார்" என்றாள் எர்சீலியா. குடை வைத்திருந்தவர்கள்கூட மடக்கிக்கொண்டு நின்றார்கள். மலை முழுக்கத் தண்ணீர் இறங்கும் சத்தம். அந்தச் சத்தத்தில் எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். சாவு வீட்டில் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

ஆடுகள் இப்போது பதினெட்டு ஆகியிருந்தன. விற்றுவிடலாம் என்றான் மகன். விற்றால் வளையம் இரண்டு வருடத்தில் புதராகிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாருக்கும் ஆட்டுக்குப் பின்னால் ஓடுகிற கால் இல்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"நான் பாத்துக்கறேன்" என்றது ஒரு குரல். பெல்மீரோ. வாழ்நாளில் ஆட்டைத் தொடாதவன், அடுப்பை விட்டு நூறு அடி நடக்காதவன்.

"நீயா?" என்றாள் எர்சீலியா.

"ரொட்டிக் கடைய எங்க அக்கா மகன்கிட்ட விட்டுடலாம். அவன் நல்லாத்தான் சுடறான். டாக்டர் என்னை நடக்கச் சொல்லி எத்தனை வருஷமாச்சு?"

இப்போது காலையில் வேன் பொந்தேயிலிருந்து கிளம்பும்போது முன்சீட்டில் பெல்மீரோ உட்கார்ந்திருப்பான், மடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு. சோப்ராலில் அவனை இறக்கிவிட்டு அவள் கதவு தட்டப் போவாள். ஏப்ரல் வந்தபோது அவனுடைய கோட்டில் ஒரு பித்தான் மிச்சமில்லை. எல்லாவற்றையும் ஆடு தின்றுவிட்டது. ஆடுகளுக்குப் பெயரும் வைத்துவிட்டான். திமிர் பிடித்த பெரிய கடாவுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறான் என்று எர்சீலியா கேட்டாள்.

"வேற என்ன? அபீலியோதான்" என்றான். "ரொட்டி குடுத்தா, மோந்து பாத்துட்டுத்தான் திங்குது."